துரைக்கு மூன்றாவது ஊசி போடும்வரை

"அம்பதாயிரம் கோழிய வெச்சுக் காப்பாத்தறவனுக்கு ஒரு நாய்க்குட்டியக் காப்பாத்தத் தெரியாதா?" என்று கேட்டார் மருதாசலம்.

வசந்தாமணி பதில் சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பதில் சொன்னால் அது சண்டை. சொல்லாவிட்டால் திட்டம். இந்த வித்தியாசம் பிடிபட ஒரு புருஷனுக்கு முப்பது வருஷமாவது ஆகும். மருதாசலத்துக்குக் கல்யாணமாகி இருபத்தேழுதான் ஆகியிருந்தது.

நாமக்கல்லுக்கு வெளியே அவருக்கு முட்டைக்கோழிப் பண்ணை. வீடு ஊருக்குள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தனப்பிரியா, "அப்பாவுக்கு பிரஷர் கொறையும்" என்று ஒரு லேப்ரடார் குட்டியை அனுப்பி வைத்திருந்தாள். பழுப்பு நிறம், தொந்தி, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நடை. துரை என்று பெயர் வைத்தார்கள். வந்த அன்றே அது மருதாசலத்தின் ஒரு செருப்பைக் கடித்துத் தின்றது, மறு செருப்பில் ஒன்றுக்குப் போனது, பிறகு அவர் மடியிலேயே ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. பண்ணையில் அத்தனை கோழிகள் அவர் போடும் தீனியைத் தின்கின்றன. ஒன்றாவது என்றைக்காவது மடியில் தூங்கியதுண்டா? மனுஷன் அங்கேயே விழுந்தார்.

பிரஷர் குறையவில்லை. ஏறியது. காரணம் பக்கத்து வீடு. அங்கே சின்னப் பையன் யோகேஷ் ஆசையாக வளர்த்த குட்டி போன மாதம்தான் பார்வோ என்ற நாய்த் தொற்று வந்து செத்தது. வாரத் தொடக்கத்தில் வாலை ஆட்டிய குட்டி வாரக் கடைசியில் இல்லை. யோகேஷ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அதே மண். இந்தப் பக்கம் துரை.

கால்நடை மருத்துவர் ஹஃப்சா பொறுமையாகத்தான் சொன்னார். "மொத ஊசி போட்டாச்சு. இன்னும் ரெண்டு இருக்கு. மூணாவதும் போட்டு ரெண்டு வாரம் ஆகற வரைக்கும் தெருவுல எறக்காதீங்க. வேற நாய்ங்க பக்கத்துல விடாதீங்க. இந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல கிடக்கும். செருப்பு, துணி, கை எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும்."

"ஊசிக்குப் பதிலாக் கண்ணுல ஒரு சொட்டு மருந்து உட்டுட்டா ஆகாதுங்களா டாக்டரம்மா? கோழிக்குஞ்சுக்கு நாங்க அப்படித்தான் உடறமுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரை நிதானமாகப் பார்த்தார். "சார், இது முட்டை போடாது."

பண்ணைக்காரர் அசருவாரா? கோழிப்பண்ணையில் வெளியாள் நுழைய முடியாது. லாரி வந்தால் டயருக்குக்கூட மருந்துக் குளியல் உண்டு. அதே கட்டுக்காவலை வீட்டில் போட்டால் முடிந்தது. கேட்டுக்குள் கால் நனைக்க ஒரு பெரிய டப்பை வைத்து, பண்ணை மருந்தைக் கலந்து ஊற்றினார்.

"அது கோழிக் கிருமிக்குங்க," என்றாள் வசந்தாமணி. "பார்வோவுக்கு அது பத்தாதாம். ப்ளீச்சிங் பவுடர்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க அப்ப செல்போன்ல முட்டை ரேட் பாத்துட்டிருந்தீங்க."

மருதாசலம் தண்ணீரை மாற்றினார். மாற்றும்போதுதான் அந்த யோசனை வந்தது. ப்ளீச்சிங் வாசனை மூளைக்கு ஏறியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வசந்தாமணிக்கு ஒரு தம்பி. நவநீதகிருஷ்ணன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் தொழில். வடநாட்டில் போர் போடப் போன வண்டிகள் மழை பிடித்ததும் ஊர் திரும்பும். வண்டி ஷெட்டில் நிற்கும். நவநீதகிருஷ்ணன் அக்கா வீட்டில் நிற்பான். "ரெண்டு நாள்தானுங்க மாமா" என்றுதான் வருவான். அவனுடைய ரெண்டு நாள் முடிவதற்குள் ஒரு கூட்டம் கோழிக்குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வந்துவிடும். அதுவரை மருதாசலத்தின் சாய்வு நாற்காலி அவனுடையது. டிவி ரிமோட் அவனுடையது. நாட்டுக்கோழிக் குழம்பில் ஈரல் அவனுடையது. போதாததற்கு ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு அறிவுரை. "மாமா, உங்க பண்ணைல எல்லாம் இருக்குது, சிஸ்டம்தான் இல்லீங்க."

இந்த வருஷமும் மழை பிடித்துவிட்டது. ஆனால் இந்த வருஷம் கடவுள் பார்வோவையும் கொடுத்திருக்கிறாரே!

"அம்மிணி," என்று ஆரம்பித்தார், குரலில் கவலையைக் குழைத்து. "உன்ற தம்பி ஊட்டுல நாயெல்லாம் இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

"அதுக தோட்டங்காடெல்லாம் திரியுமல்ல?"

"திரியுங்க."

"பாவம், மாப்ளைய நான் ஒண்ணும் சொல்லல. ஆனா டாக்டரம்மா சொன்னாங்கல்ல? செருப்புல வருமாம், துணில வருமாம். நாய் இருக்கற ஊட்டு ஆளு எவனா இருந்தாலும், துரைக்கு ஊசி முடியற வரைக்கும் இந்த ஊட்டுக்குள்ள கால் வெக்கக்கூடாது. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. என்ன பண்றது, ஒரு உசுரு!"

ஒரு மூச்சு அழுகை, ஒரு தட்டு உடைதல், குறைந்தபட்சம் "எங்க வீட்டு ஆளுகன்னா உங்களுக்கு ஆகாது" என்ற வழக்கமான வசனம், எல்லாவற்றுக்கும் தயாராக நின்றார்.

"சரிங்க," என்றாள் வசந்தாமணி.

"என்னது?"

"சரின்னு சொன்னனுங்க. சட்டம்னா சட்டம். தம்பிகிட்ட நானே சொல்லிடறேன்."

மருதாசலம் அன்றைக்கு இரண்டு உருண்டை களி அதிகம் சாப்பிட்டார். பாவம், அவர் ஒன்றை மறந்துவிட்டார். வசந்தாமணி சேலத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பாவாடை முழங்காலுக்குக் கீழே எத்தனை விரற்கடை இறங்கவேண்டும் என்று ஸ்கேல் வைத்து அளந்த பள்ளியில் வளர்ந்தவள். அப்படிப்பட்டவளிடம் ஒரு சட்டத்தைக் கொடுப்பது, குரங்கின் கையில் பூமாலை கொடுப்பது போல அல்ல. தாசில்தார் கையில் முத்திரை கொடுப்பது போல.

மறுநாள் மாலை பண்ணையிலிருந்து வந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தினாள்.

"அங்கயே நில்லுங்க."

"ஏன், அம்மிணி?"

"பண்ணைல காவலுக்கு நாய் கெடக்குதுங்களா?"

"கெடக்குது."

"வழில டீக்கடைங்களா? பெஞ்சு மேல எத்தன பேரோ, பெஞ்சுக்குக் கீழ அத்தன நாய். துணிய அங்கயே கழட்டி பக்கெட்டுல போடுங்க. குழாயடில சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு, வேற லுங்கி கட்டிட்டு உள்ள வாங்க."

"நான் ஊட்டு ஆளு!"

"கிருமிக்கு அது தெரியாதுங்களே."

அன்றிலிருந்து தினமும் மாலையில், வாசல் குழாயடியில், கோமணத்தோடு நாமக்கல்லின் ஒரு பெரிய பண்ணை முதலாளி நடுங்கிக்கொண்டு குளித்தார். மழையும் சேர்ந்து பெய்தது. எதிர்வீட்டு முத்தாயம்மாள் நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டாள்.

"ஏஞ்சாமி, எழவூட்டுக்குப் போயிட்டு வாரியா?"

"இல்லீங்."

"தெனமும் குளிச்சுட்டு ஊட்டுக்குள்ள போறயே, அதான் கேட்டேன். தெனமும் யாரு போறாங்கன்னு எனக்கு மனசே செரியில்ல."

இதையெல்லாம்கூடத் தாங்கலாம். ஆனால் மற்ற மனிதர்கள் துரையைப் பார்க்காமல் இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அழகான குட்டி வீட்டில் இருந்து ஊரார் பார்க்காவிட்டால் அது என்ன குட்டி? வசந்தாமணி ஜேடர்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில், மருதாசலம் துரையைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கீழே இறக்கினால்தானே குற்றம்? சட்டைக்குள் இருப்பது வீட்டுக்குள் இருப்பது மாதிரிதானே? ஸ்கூட்டர் டீக்கடையில் போய் நின்றது.

முட்டை வியாபாரி நசுருல்லா டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். சட்டைக்கு நடுவில் இரண்டாவதாக ஒரு முகம்.

"யாருப்பா இது? அசப்புல உன்ன மாதிரியே இருக்கான்."

"நெசமாவா?" மருதாசலத்துக்கு மூக்கு விரிந்தது.

"ஆமா. ஆனா அவன் முகத்துல அறிவு தெரியுது."

கடையே சிரித்தது. துரை எல்லார் கையையும் நக்கியது. ஆளுக்கொரு வடைத் துண்டு கொடுத்தார்கள். மருதாசலம் தன் பண்ணை முட்டையை அவித்து வாங்கி, மஞ்சள் கருவைப் பிட்டுப் பிட்டு ஊட்டினார். ஒன்று, பிறகு ஒன்று, பிறகு "பாவம் பாக்குது" என்று இன்னொன்று. காசு கொடுக்கச் சட்டைப் பையில் கையை விட்ட அந்த நொடியில் துரை நழுவி பெஞ்சுக்குக் கீழே விழுந்தது. அங்கே ஒரு சொறி நாய் படுத்திருந்தது. இரண்டு மூக்குகளும் தொட்டுக்கொண்டன.

மருதாசலம் அள்ளி எடுத்தார். வீட்டுக்கு வந்து தானும் குளித்தார். துரையையும் துடைத்தார். ஸ்கூட்டரையும் கழுவினார். கல்யாண வீட்டிலிருந்து வந்த வசந்தாமணி முகர்ந்து பார்த்தாள்.

"என்னுங்க, ஊடே ஆஸ்பத்திரியாட்டம் மணக்குது?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்..."

அவள் பதில் சொல்லவில்லை.

விடியும்போது துரை எழுந்திருக்கவில்லை. எப்போதும் விடிவதற்குள் அவர் கட்டை விரலைக் கடிக்கிற குட்டி. பேர் சொல்லிக் கூப்பிட்டார். வாலின் நுனி மட்டும் அசைந்தது. பிறகு வாந்தி எடுத்தது. பிறகு வயிறாலும் போனது. பண்ணையில் ஒரு ராத்திரியில் நூறு கோழி செத்தாலும் பீடா போட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கிறவர், ஒன்றரைச் சாண் குட்டியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வெறுங்காலோடு காருக்கு ஓடினார்.

டாக்டர் ஹஃப்சா குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வாய்க்குள் பார்த்தார். அதன் மலத்தைக் கரைத்துப் பரிசோதனைக் கிட்டில் மூன்று சொட்டு விட்டார். கொரோனாவுக்குப் பார்த்த மாதிரியேதான். ஒரு கோடு வந்தால் இல்லை. ரெண்டு கோடு வந்தால் உண்டு.

"வெளிய எங்கயாவது கொண்டு போனீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா," என்றாள் வசந்தாமணி. "எங்க ஊட்டுல கண்டிப்பான சட்டம் இருக்குதுங்க. இவர் போட்டதுதான்."

மருதாசலம் சுவரில் ஒட்டியிருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தார். பசுமாடு அவரைப் பார்த்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. அந்த முனகலில்தான் உடைந்தார்.

"டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. சட்டைக்குள்ளதான் வெச்சிருந்தேன். கீழ உழுந்துருச்சு. ஒரு நாய் மோந்துருச்சு. முட்டை குடுத்தேன். வடையுங்கூட."

"எத்தனை முட்டை?"

"அது... அது பாத்துட்டே இருந்துச்சுங்க..."

"சார், இது முட்டை போடாதுன்னுதானே சொன்னேன்? முட்டைய இது வாயில போடுங்கன்னா சொன்னேன்?"

வசந்தாமணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அப்படிங்களா," என்றாள். "ரொம்ப நல்லதுங்க. போயிட்டு வந்தீங்களாங்க?"

கொங்கு நாட்டில் பேச்சுக்கு ஒரு 'ங்க' வந்தால் மரியாதை. இப்படி அடுக்கி வந்தால் ஓடிவிட வேண்டும். ஓட வழியில்லை. மடியில் துரை இருந்தது.

அந்தக் கிட்டில் முதல் கோடு சிவப்பாக ஏறியது. மருதாசலம் நாமக்கல் மலை மேலிருக்கிற சாமியையும், கீழே இருக்கிற சாமியையும், இடையில் யாராவது இருந்தால் அவர்களையும் வேண்டினார். இரண்டாவது கோடு வர வேண்டிய இடம் வெள்ளையாகவே இருந்தது. வெள்ளையாகவே இருந்தது. டாக்டர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பார்வோ இல்லை. வயித்துக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். ஊசி போடறேன், குளுக்கோஸ் ஏத்தறேன்."

மருதாசலம் துரையைச் சுற்றியிருந்த துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

"ஆனா சந்தோஷப்பட வேண்டாம்," என்றார் டாக்டர். "நேத்து ஒட்டியிருந்தா இன்னும் ரெண்டு வாரத்துல எப்ப வேணும்னாலும் காட்டலாம். கவனமாப் பாருங்க. தெனமும் வெளிய போயிட்டு வர்ற ஆள் குட்டியத் தொடாம இருந்தா நல்லது."

வசந்தாமணி அப்போதுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒரு சந்தேகங்க டாக்டரம்மா. இந்தப் பார்வோ கோழிக்கு வருமுங்களா?"

"வராதும்மா."

"அப்ப, நாய் வளக்கற ஊட்டு ஆளு கோழிப்பண்ணைக்குள்ள போனா?"

"இதனால கோழிக்கு ஒண்ணும் ஆகாது."

"ரொம்ப நன்றிங்க." தெரிந்த விடையை வகுப்புக்கு உரக்கச் சொல்லவைத்த மாணவி மாதிரி எழுந்துகொண்டாள்.

காரில் ஏறியதும் தீர்ப்பு வந்தது. "ஊசி முடியற வரைக்கும், ஒண்ணு நீங்க ஊட்டுக்குள்ள இருங்க. இல்லாட்டி பண்ணைலயே படுத்துக்கங்க. உள்ளயும் வெளியயும் போயிட்டு வாரது ஆகாது. துரை வேணுமா, பண்ணை வேணுமா, நீங்களே சொல்லுங்க."

மருதாசலம் மடியைப் பார்த்தார். துரை அவர் கட்டை விரலைப் பல்லில் வைத்துக்கொண்டு, கடிக்கத் தெம்பில்லாமல், அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது.

"பண்ணைய யாரு பாப்பாங்க?" என்றார் மெதுவாக.

"தம்பி வந்திருக்கானுங்களே."

"எங்க வந்திருக்கான்?"

"நாமக்கல்லுலதான். லாட்ஜுல ரூம் போட்டிருக்கான். நீங்க சொன்ன சொல்லுக்கு மரியாத குடுத்து நம்ம தெருவுக்கே வரல. இப்பவும் ஊட்டுக்குள்ள கால் வெக்க மாட்டானுங்க. பண்ணைக்குத்தான் போவான். சட்டம்னா சட்டம்."

இப்படியாக நவநீதகிருஷ்ணன் பண்ணைக்குப் போனான். மருதாசலத்தின் நாற்காலி மருதாசலத்துக்கே கிடைத்தது. உட்காரத்தான் நேரமில்லை. வீட்டில் சும்மா இருக்கிற மனிதரை வசந்தாமணி அதற்கு முன் பார்த்ததில்லை, பார்த்தபின் விடவில்லை. மாவரைத்தார். மிளகாய் காயவைத்தார். மழைக்கு எடுத்து உள்ளே வைத்தார். வெயிலுக்கு எடுத்து வெளியே வைத்தார். துரை போகும் இடமெல்லாம் ப்ளீச்சிங் துணியோடு பின்னாலேயே போனார். மத்தியான சீரியலில் யார் யாருடைய மாமியார் என்று தெரிந்துகொண்டார். ஒருநாள் தெரியாமல் அழுதும்விட்டார்.

பண்ணை மேஸ்திரி செல்லமுத்து போன் செய்தான்.

"எப்படிடா போகுது?"

"நல்லாப் போகுதுங்க முதலாளி. சின்னவரு வந்ததுல இருந்து ஒடையற முட்டை கொறஞ்சிருச்சுங்க."

"சின்னவரா?"

"உங்க மச்சினருங்க. சிஸ்டம் போட்டிருக்காருங்க."

மருதாசலம் போனை வைத்தார். துரை மட்டும் அவர் காலடியில் படுத்து, உலகத்தில் வேறு ஆண்மகனே இல்லை என்பதுபோல் அண்ணாந்து பார்த்தது. அவர் எழுந்தால் எழுந்தது. குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே அழுதது. ரெண்டாவது ஊசிக்கு அவர் கையை நக்கிக்கொண்டே போட்டுக்கொண்டது. மூன்றாவதுக்கும் அப்படியே. பிறகு ரெண்டு வாரமும் ஓடியது. சொறி நாய் எதையும் கொடுத்தனுப்பவில்லை. டாக்டர் ஹஃப்சா துரையின் காதைத் தடவி, "இனி பயமில்லை. தெருவுல நடக்கட்டும்" என்றார்.

விடுதலை! மறுநாள் காலையில் மருதாசலம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கேட்டைத் திறந்தார். மழையும் விட்டிருந்தது. ரிக் வண்டி கிளம்பும், மச்சினனும் கிளம்புவான். சாவியை வாங்கவேண்டியதுதான்.

கேட் மூடியதும் துரை ஊளையிட்டது. சாதாரண ஊளையல்ல. தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. முத்தாயம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். ஊளை நின்றது. போனார். தொடங்கியது. வந்தார். நின்றது.

சரி, பண்ணைக்கே கூட்டிப் போனால்? கூட்டிப் போனார். துரை வாழ்க்கையில் முதல்முறையாகக் கோழியைப் பார்த்தது. அத்தனையையும் ஒரே நேரத்தில் பார்த்தது. சந்தோஷத்தில் குரைத்தது. ஐம்பதாயிரம் கோழியும் ஒன்றாகச் சிறகடித்ததில் ஷெட்டுக்கு மேல் தூசி எழுந்தது. செல்லமுத்து கும்பிட்டான். "முதலாளி, தயவு பண்ணி ரெண்டு பேரும் போயிருங்க. முட்டை நின்னுரும்."

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். மூன்று நாள் இப்படியே முயன்று பார்த்தார். மூன்று நாளும் துரை, அவர் இல்லாத நேரத்தில் பருக்கை தொடவில்லை. வசந்தாமணி ஒன்றுமே சொல்லவில்லை. அவர் பாதி அரைத்து விட்டுப்போன தோசை மாவை மட்டும் கண் படுகிற இடத்தில் வைத்தாள்.

நாலாம் நாள் மருதாசலம் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து போன் போட்டார். வசந்தாமணி காதில் விழக்கூடாது. சொல்வதற்குள் நாலுமுறை இருமினார்.

"மாப்ளே... உனக்கு ஒண்ணும் அவசரமில்லீன்னா... இன்னும் கொஞ்ச நாள் பண்ணைய நீயே பாத்துக்கறயா சாமி?"

"அதுக்கென்னுங்க மாமா? அக்கா போன மாசமே சொல்லிருச்சு," என்றான் நவநீதகிருஷ்ணன். "ரிக்குக்கு வேற ஆளப் போட்டாச்சு, உங்க தெருமுனைலயே ஊடும் புடிச்சாச்சு, நாளைக்குப் பால் காய்ச்சறமுங்க, வந்துருங்க."